நாக்கு பட்ட சுருட்டு

ரஞ்சிதத்துக்குச் சுருட்டு வாடை என்றாலே குமட்டும். இருபத்தாறு வருஷமாகத் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிப்பவள். காலில் ஏறிய அட்டையைப் பிய்த்தெறிந்துவிட்டு அதே இடத்தில் உட்கார்ந்து சோறு தின்பாள். செத்த எலியை வாலைப் பிடித்துத் தூக்கி வீசுவாள். அதற்கெல்லாம் முகம் சுளிக்காதவள், புருஷன் தங்கையா வேலை முடிந்து வந்து சட்டையைக் கழற்றினால் மட்டும் மூக்கைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடினாள்.

தங்கையா முன்பு கொழுந்து மூட்டை தூக்கியவர். முதுகெலும்பு நழுவிய பிறகு, தோட்டத்து மானேஜர் அவருக்கு, விருந்தாளிகள் தங்கும் பழைய துரை பங்களாவில் எடுபிடி வேலை போட்டுக் கொடுத்திருந்தார். அதுவும் போனால் மறுபடி மூட்டைதான். இனிமேல் மூட்டை தூக்கினால் ஆள் படுத்த படுக்கைதான் என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். அந்த வேலைக்காகத்தான் ரஞ்சிதம் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

கோலாலம்பூரிலிருந்து மாதம் இரண்டு முறை வந்து தங்கும், அரசாங்கப் பட்டம் வாங்கிய பெரும்புள்ளி டத்தோ மகேன்தான் இந்தக் கண்றாவியைத் தொடங்கி வைத்தவர். அவர் பிடிப்பது கட்டைவிரல் தடிமன் சுருட்டு. ஒரு நாள் தங்கையாவைப் பக்கத்தில் கூப்பிட்டு அதை வெட்டக் கற்றுக்கொடுத்தார். சுருட்டின் ஒரு நுனி தொப்பி போட்டது போல மூடியிருக்கும். அந்தத் தொப்பியை மட்டும் சீவவேண்டும். கொஞ்சம் கீழே இறங்கினாலும் மேல் இலை பிரிந்து உதிர்ந்துவிடும். காய்ந்த இலை வெடிக்காமல் இருக்க, டத்தோ முதலில் நுனியை நாக்கால் நனைத்தார், பிறகு வெட்டினார். "அடுத்த தடவ நீங்களே வெட்டி எடுத்துட்டு வந்துருங்க" என்று பெட்டியையும் கட்டரையும் கையில் கொடுத்துவிட்டார்.

மனுஷனுக்குத் தலைகால் புரியவில்லை. டத்தோ பாதி பிடித்துப் போட்ட கட்டைகளை வீட்டுக்கே கொண்டுவந்து, வாசலில் உட்கார்ந்து கண்ணை மூடி இழுத்தார்.

"புகைய முழுங்கக் கூடாது ரஞ்சிதம். வாயிலயே வச்சு ருசி பாத்துட்டு விட்டுறணும். சாக்லேட் வாசம் வருது பாரு லா."

"சாக்லேட்டா? கக்கூஸ் வாசம்தான் வருது. கண்டவன் சப்பிப் போட்டத வாயில வைக்கிறீங்களே, அருவருப்பா இல்லையாங்க? த்தூ!"

அன்றைக்கு அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

இப்படியே ஆறு மாதம் போனது. தோட்டத்து முனியாண்டிக்குப் பூசை வந்தது. முனிக்குச் சுருட்டு படைப்பது வழக்கம். டத்தோ பெரிய மனது பண்ணி முழுச் சுருட்டு ஒன்றைக் கொடுத்து, மானேஜரோடு வேடிக்கை பார்க்கவும் வந்தார். அவர் வாயில் ஒன்று புகைந்துகொண்டிருந்தது. சாமி முன்னால் நிற்கும்போதாவது அதை அணைக்கத் தோன்றவில்லை அந்த ஆளுக்கு.

தங்கையா தன் கைவேலையை ஊருக்கே காட்டும் தோரணையில் முன்னால் வந்தார். சுருட்டின் நுனியை வாயில் விட்டு, நாக்கைச் சுழற்றி நன்றாக நனைத்து, நறுக்கென்று வெட்டினார். ஒரு இழைகூடப் பிரியவில்லை. பெருமையோடு தட்டில் வைத்தார்.

ரஞ்சிதம் கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தாள். "அட பாவி மனுசா! சாமிக்கு வைக்கிறத எச்சப் பண்ணிட்டீங்களே!"

"இதாம்மா முறை. நனைக்காட்டி வெடிச்சிரும்" என்றார் தங்கையா, விளங்காமல். "டத்தோவுக்கும் எப்பவும் இப்படித்தான் வெட்டிக் கொடுக்கறேன்."

டத்தோ வாயிலிருந்த சுருட்டை எடுத்து அதன் நுனியைப் பார்த்தார். பிறகு தங்கையாவின் காலடியில் காறித் துப்பினார்.

"ச்சீ! இவன் எச்சிலையா நான் இத்தன நாளா... மானேஜர், நாளையிலேருந்து இவன் பங்களா பக்கம் வரக் கூடாது."

மானேஜர் தலையை ஆட்டினார். மண்ணில் கிடந்த அந்தச் சளியை ரஞ்சிதம் பார்த்தாள். இதுவரை புருஷன்மேல் இருந்த அருவருப்பெல்லாம் ஒரே நொடியில் டத்தோ பக்கம் திரும்பியது. வெட்டிய சுருட்டைத் தட்டிலிருந்து எடுத்து, சூடத்தில் பற்றவைத்து, முனியின் காலடியில் வைத்தாள். புகை நேராக மேலே போனது.

"உங்க எச்சக் கட்டைய ஆறு மாசமா வாயில வச்சாரு டத்தோ. ஒரு நாளும் துப்பல" என்றாள்.

பிறகு புருஷன் கையைப் பிடித்துக்கொண்டு லயத்து வீட்டைப் பார்த்து நடந்தாள். பாதி வழியில் தங்கையா, "இனி மூட்டதானா?" என்று மெதுவாகக் கேட்டார்.

"மூட்டைய நான் தூக்கிக்கறேன்" என்றாள் ரஞ்சிதம். "நீங்க மொதல்ல வாயக் கொப்புளிங்க."