பார்க்கிங் பதிவேட்டில் இல்லாத கலியாணம்

பழைய பதிவேடு காட்டுற மேசையில இருக்கிறவனுக்குச் செத்தவையால ஒரு கரைச்சலும் இல்லை. எல்லாம் உயிரோட இருக்கிறவையாலதான். கவுண்டரில நிண்டு வேலை செய்த ஆக்களே, உங்களுக்கு நான் சொல்லி விளங்கத் தேவையில்லை. கிழக்கு லண்டனில பார்க்கிங் (Barking) எண்ட ஊரில, கவுன்சிலின்ர ஆவணக் காப்பகத்தில நான் சேர்ந்த புதுசில நடந்ததுகள் இதுகள்.

மனிசிக்குச் சொல்லாதை

வயரிங் வேலை செய்யிற மனோ அண்ணை பிரான்சில இருந்து வந்து, பக்கத்துப் பிளேஸ்டோவில வீடு வாங்கினவர். அந்த இடத்தின்ர பழைய வரைபடம் பார்க்க வந்தார். படத்தில லண்டன் எண்ட பேரே இல்லை. "அண்ணை, அந்தக் காலம் இது எசெக்ஸ் கவுண்டி. அதுக்குள்ள ஹன்ட்ரட் எண்டு பிரிவு, அதுக்குள்ள பாரிஷ். எங்கட கோயிற்பற்று மாதிரி" எண்டன். மனுசன் படத்தையும் என்னையும் மாறிமாறிப் பார்த்தார்.

"அப்ப பிரான்சில இருந்து நான் எசெக்ஸுக்கோ வந்தனான்? மனிசிக்குச் சொல்லாதை, அவ லண்டன் எண்டுதான் சம்மதிச்சவ!"

வாய் சும்மா இருக்கேல்லை

மார்கரெட், பஸ் ஓட்டி ஓய்வுபெற்ற வெள்ளைக்கார அம்மா. மூண்டு வருசமாப் புதன்கிழமை தவறாமல் வருவா. அவவின்ர அப்பாவுக்குத் தொண்ணூற்றைஞ்சு வயது, முதியோர் இல்லத்தில இருக்கிறார். "உன்ர தகப்பன் கலியாணம் கட்டாததுகளுக்குப் பிறந்தவன்" எண்டு சொந்தக்காரரே அவரைச் சின்னனில ஏசினவை. கண்மூட முதல் உண்மை தெரியவேணுமாம். அவரின்ர அப்பப்பாவும் அப்பம்மாவும் பார்க்கிங்கில வாழ்ந்தவை, அதால மார்கரெட் பார்க்கிங் தேவாலயப் பதிவேட்டை முழுக்கப் புரட்டிப்போட்டா. இல்லை. நாடு முழுக்கத் தேடவும் ஏலாது. மாப்பிள்ளை பேர் ஸ்மித், தெருவுக்குப் பத்துப் பேர்!

"பொம்பிளை எந்த ஊர்?" எண்டு கேட்டுப்போட்டன். எங்கட பக்கம் கலியாணம் பொம்பிளை வீட்டிலதானே. பழைய குடிசனக் கணக்கில அவ ஹோர்ன்சர்ச்சில பிறந்ததாக் கிடந்தது. கிட்டத்தான், ஆனா அந்தக் காலம் ஹேவரிங் லிபர்ட்டி எண்டு வேற பிரிவு. அந்தப் பக்கம் மார்கரெட் எட்டியும் பார்க்கேல்லை. என்ர மனேஜர் கண்ணாடிக்கு மேலால பார்த்தார்.

"நீ இஞ்ச வேலைக்கு வந்தனியோ, கலியாணம் பேச வந்தனியோ?"

மூண்டு கிழமை

ஹோர்ன்சர்ச் தேவாலயப் பதிவேட்டின்ர மைக்ரோபிலிமைச் சுத்தினம். அரை மணித்தியாலத்தில ஆப்பிட்டுது! வெள்ளைக்காரரும் பொம்பிளையின்ர பாரிஷிலதான் கட்டுறவையாம். மார்கரெட் என்ர கையை இறுக்கிப் பிடிச்சு அழுதா, எனக்கும் கண் கலங்கிப்போச்சு. பிறகுதான் திகதியைப் பார்த்தம். கிழவனின்ர தகப்பன் பிறக்க மூண்டே மூண்டு கிழமைக்கு முதல் கட்டியிருக்கினம். ஐயோ, இதைக் கிழவனுக்கு எப்பிடிச் சொல்லுறது?

அடுத்த புதன் மார்கரெட் கேக்கோட வந்தா. ஒளிக்காமல் எல்லாம் சொன்னவவாம். மனுசன் பதிவேட்டுப் பிரதியை நெஞ்சில வைச்சுக்கொண்டு கிழமையளை விரல்விட்டு எண்ணினாராம். பிறகு சொன்னாராம்:

"ஒரு நாள் முந்திக் கட்டினாலே காணும் பிள்ளை, மூண்டு கிழமை தாராளம்."

தொலைஞ்ச மானத்தைத் தேடிக் குடுக்கிறதுதான் என்ர உத்தியோகம், அதுவும் பத்து மணியில இருந்து ஐஞ்சு மணி மட்டும், ஞாயிறு லீவு.