தண்ணீருக்கு நின்ற இஞ்சின்

போன சனிக்கிழமை ஷாஃப்ஹவுசனில் தெரிந்தவரின் பெரியபிள்ளையான மகளுக்குச் சாமத்தியவீடு. சூரிச்சிலிருந்து ரயிலில் போய்க்கொண்டிருந்தோம். வழியில் கைபேசி ஒருமுறை சிணுங்கி, ‘ஜேர்மனிக்கு நல்வரவு’ என்றது. அந்தப் பாதையில் போகிறவர்களுக்குத் தெரிந்த சங்கதிதான். சுவிஸின் இரண்டு ஊர்களுக்கு நடுவே ஜேர்மனி ஒரு துண்டு மூக்கை நீட்டிக்கொண்டிருக்கிறது. ரயில் அதைக் குறுக்கறுத்துப் போகும். பெட்டியில் ஒருவரும் தலை நிமிரவில்லை. மனைவி கொண்டை கலையாமல் நித்திரை கொள்ளும் வித்தையில் இருந்தாள். எனக்கு மட்டும் நிலக்கரிப் புகை மணத்தது.

புகையோடு சூடான எண்ணெய், கொஞ்சம் ஈரம். சுவிஸுக்கு வந்த புதிதில் எனக்கு வேலை ரயில் உணவுப் பெட்டியொன்றில் கோப்பை கழுவுவது. ஊரில் பௌதிகம் படித்தவன், நீராவிப் பாடத்தில் நல்ல புள்ளி எடுத்தவன் என்பதை அங்கே ஒருவரும் கேட்கவில்லை. ரயில் பைத்தியம் பிடித்த சில பணக்காரர்கள் ஒரு கோடைக்கு மட்டும் இங்கிலாந்திலிருந்து பழைய எக்ஸ்பிரஸ் இஞ்சின் ஒன்றைக் கொண்டுவந்து, ஞாயிறுகளில் விருந்து ரயில் விட்டார்கள். பச்சை நிறம். என்னைவிட உயரமான சக்கரங்கள். பெயர்கூடப் பந்தயக் குதிரையினுடையது.

அதன் அடுப்புக்குக் கரி போடும் ஃபயர்மேன், தேத்தண்ணி கேட்டு வரும் கிழவர், பழங்கதை சொல்வார். அந்தக் காலத்தில் அது இங்கிலாந்தில் நிற்காமலே நாள்முழுக்க ஓடுமாம். தண்டவாளங்களுக்கு நடுவே நீளத் தொட்டி கட்டி வைத்திருப்பார்களாம். ஓடுகிற ஓட்டத்திலேயே அடியிலிருந்து ஓர் அகப்பையை இறக்கித் தண்ணீர் அள்ளிக்கொள்ளுமாம். பிறகு டீசல் வந்தது. குதிரை பழைய இரும்புக் கடை வாசல்வரை போய்த் தப்பியது. இங்கே தொட்டியும் இல்லை, மதிப்பும் இல்லை. நேரத்துக்கு ஓடும் சாதாரண ரயில்களுக்கெல்லாம் வழிவிட்டு ஒதுங்கி நின்றது. நின்ற நேரமெல்லாம் அதன் தண்ணீர் ஆவியாகி வானத்துக்குப் போனது.

ஒரு ஞாயிறு சமையலில் உதவிக்கு நின்றவர் சிவமண்ணை. நிரந்தர விசாக்காரர், ஆகவே சிரித்த முகம்.

“தம்பி, இப்ப ஜேர்மனிக்குள்ள ஓடுறம், தெரியுமோ?”

“பகிடி விடாதேங்கோ அண்ணை.”

“வெளியில கார் நம்பரைப் பார். ஏன் முழுசுறாய்? இது எக்ஸ்பிரஸ். நிக்காது.”

ஜேர்மன் பக்கத்து யெஸ்டெட்டனில் நின்றது.

என்னிடம் இருந்தது அசூல் அடித்தவரின், அதாவது அகதி விண்ணப்பக்காரரின், அவுஸ்வைஸ் அட்டை. நாட்டுக்கு வெளியே கால் வைத்தால் கேஸ் முடிந்தது என்று முகாமில் எல்லாரும் சொல்லியிருந்தார்கள். சட்டம் அப்படித்தானா என்று இன்றும் எனக்குத் தெரியாது.

ஃபயர்மேன் சமையலறைக்கு ஓடிவந்தார். தேத்தண்ணி கேட்கவில்லை. கொதிகலனில் தண்ணீர் அடிமட்டத்துக்கு வந்துவிட்டது. இன்னும் இறங்கினால் நெருப்பைக் கொட்ட வேண்டும், கொட்டினால் இஞ்சின் பிணம். பயணிகளை இறக்கி பஸ்ஸில் ஏற்றுவார்களாம், எல்லாரையும். அந்த ‘எல்லாரையும்’ என்ற சொல்லைச் சமையல் ஷெஃபுக்கு மொழிபெயர்த்தவன் நான். ஷாஃப்ஹவுசனில் தீயணைப்புப் படை காத்திருந்தது. அதுவரை போக எங்கள் சமையலறைத் தொட்டித் தண்ணீர் முழுவதும் வேண்டும்.

மேலே மின்கம்பி ஓடுகிறது. மின்சாரத்தை நிறுத்தாமல் ஒருவரும் இஞ்சினில் ஏற முடியாது. நிலைய அதிகாரி யாருடனோ தொலைபேசியில் கதைத்துக்கொண்டேயிருந்தார். நாங்கள் வாளிகளை நிரப்பி வைத்துக்கொண்டு நின்றோம். எனக்கு வியர்த்த வியர்வையையும் சேர்த்திருக்கலாம்.

மின்சாரம் நின்றுவிட்டது என்று கையசைத்தார்கள். எல்லாரும் இறங்குங்கள் என்று ஷெஃப் கத்தினார்.

“நீ இறங்காதை,” என்றார் சிவமண்ணை. “படியில நிண்டு எடுத்துத் தா.”

“படி சுவிஸோ அண்ணை?”

“படி சுவிஸ்தான்ரா. கீழதான் ஜேர்மனி. தா கெதியா!”

அவர் வாளியோடு இஞ்சினுக்கு ஓடினார். அடுத்த வாளியை நான் தூக்கி நிமிர்ந்தபோது படிக்குக் கீழே எல்லைப் பொலிஸ்காரர் ஒருவர் நின்றார். மீசை, தொப்பி, இடுப்பில் துவக்கு. கையை நீட்டினார்.

வாளியை வைத்தேன். கையைத் துடைத்தேன். பொலித்தீனில் சுற்றிய அவுஸ்வைஸை எடுத்துக் கொடுத்தேன். அவர் படத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், என் கால்களைப் பார்த்தார். பெருவிரல் படியின் விளிம்பைக் கவ்விக்கொண்டிருந்தது. அவர் அட்டையை இரண்டு விரலால் என் ஏப்ரன் பைக்குள் திருப்பிச் செருகினார்.

“வாஸர்,” என்றார். தண்ணீர்.

வாளியைப் பறித்துக்கொண்டு ஓடினார். காற்சட்டை நனைய நனைய மறுபடி வந்தார், மறுபடி ஓடினார். தொட்டி காலியாகும்வரை என் கையிலிருந்து வாங்கியவர் அவர்தான். இஞ்சின் கூவியது. பெட்டி ஒரு முறை குலுங்கி நகர்ந்தபோது அவர் பிளாட்ஃபோர்மில் எங்கள் கடைசி வாளியோடு நின்று கையசைத்தார்.

எல்லை தாண்டியதும் ஷெஃப், ஒரு வாளி குறைகிறதே என்றார். சிவமண்ணை என் காதுக்குள் சொன்னார்:

“அது ஜேர்மனியில அசூல் அடிச்சிட்டுது.”

நான் சிங்கைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். கண்ணீர் நின்ற பிறகு, கழுவத் தண்ணீரில்லாத கோப்பைகளை அடுக்கி வைத்தேன்.

கோடை முடிய இஞ்சின் ஊர் போய்விட்டது. இப்போது ஏதோ கண்காட்சிக் கொட்டகையில் நெருப்பில்லாமல் நிற்பதாகக் கேள்வி. சிவமண்ணை கனடாவுக்குப் போய் அங்கேயே முடிந்துபோனார். போன வருடம் மகளுக்கு இதைச் சொன்னேன். “இறங்கியிருக்கலாம்தானே அப்பா, என்ன நடந்திருக்கும்?” என்றாள். அவள் வளர்ந்த காலத்தில் அங்கே அட்டை கேட்பவர் இல்லை; அவளுக்கு விளங்கப்படுத்த ஓர் எல்லையாவது வேண்டும். அந்த நிலையத்தில் ஒருநாள் இறங்கித் தேடிப் பார்த்தேன். சைக்கிள்கள் நின்றன. கேட்பதற்கு ஒரு பொலிஸ்காரர்கூட இல்லை.