என் வீட்டுக்காரரின் கனவில் வந்தவள்

என் வீட்டுக்காரரின் கனவில் ஒருத்தி வருகிறாள் என்பதை, எங்கள் வரிசை வீட்டு ஜனங்களோடு கோயில் கூட்டத்தில் உட்கார்ந்துதான் நான் தெரிந்துகொண்டேன். முதலில் என்னிடம் சொல்ல வேண்டும் என்று அந்த மனுஷனுக்குத் தோன்றவில்லை. அந்தக் கோபம் எனக்கு இன்னும் தீரவில்லை.

அப்போது பிரிக்பீல்ட்ஸில் ரயில்வே கோட்டர்ஸில் குடியிருந்தோம். வெள்ளிக்கிழமை சாயங்காலம் கொட்டகைக் கோயிலில் பஜனை முடிந்ததும் சுண்டல் கொடுப்பார்கள். சுண்டலைத் தின்றுகொண்டே கனவு சொல்வது எங்கள் வழக்கம். முக்கால்வாசிப் பேர் கப்பலேறி வந்தவர்கள். ஊரிலிருந்து கடிதம் வந்துசேர நாளாகும், கனவு அதற்கு முன்னால் வந்துவிடும். யாருக்காவது பல் விழுந்த மாதிரி கனவு வந்தால், ஊரில் யாருக்கு என்ன ஆச்சோ என்று கூட்டமே கவலைப்படும்.

கோயிலுக்குப் பூக்கட்டும் பண்டாரம்தான் இதற்குத் தலைவர். உடனே பலன் சொல்லிவிட மாட்டார். எந்த ஜாமத்தில் கண்டது, யார் முதலில் பேசினது, கையில் என்ன இருந்தது என்று கேட்பார். அப்புறம் கூட்டத்தைப் பார்த்து, "நீங்க என்ன நெனைக்கிறீங்க?" என்பார். ஆளுக்கொன்று சொல்வார்கள். நான் மட்டும் என் கனவை அங்கே சொன்னதில்லை. என் கனவில் நான் மீன் கழுவிக்கொண்டிருப்பேன். அதற்கு என்ன பலன் கேட்பது?

என் வீட்டுக்காரருக்கு ரயிலுக்குப் பாதை மாற்றிவிடும் வேலை. பாதி நாள் ராத்திரி ஷிப்ட்தான். வாயில் கொழுக்கட்டை வைத்த மாதிரி இருக்கிற ஆள், அந்த வெள்ளிக்கிழமை எழுந்து நின்று பேசினார்.

"ஒரு பொம்பள பின்வாசல்ல வந்து நிக்கிறா. தலை நனைஞ்சிருக்கு. மஞ்சப் பூசின மொகம். துணிக்கொடியையே பாத்துக்கிட்டு நிக்கிறா. நாலஞ்சு தடவ வந்துட்டா."

'மஞ்சப் பூசின மொகம்' என்று சொன்னபோது அவர் குரல் இறங்கியது. எனக்குக் கல்யாணமான நாளிலிருந்து அந்தக் குரலை நான் கேட்டதில்லை.

"அம்மன்தான்!" என்று பெண்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். கொடுத்துவைத்தவள் என்று என்னை வேறு பார்த்தார்கள். அம்மனாக இருந்தாலும் அடுத்தவள் வீட்டுப் பின்வாசலில் அவளுக்கு என்ன வேலை?

"அவரு தூங்கறதே பகல்ல. பகல் கனவு பலிக்குமா?" என்று கேட்டேன்.

நல்ல கேள்வி என்று ஆண்கள் பக்கம் ஒத்துக்கொண்டார்கள். பக்கத்து வீட்டுக்காரி, இந்த நாட்டிலேயே, கிள்ளானில் பிறந்து 'லா' போட்டுப் பேசுகிறவள், விடவில்லை. "அப்ப நைட் ஷிப்ட் ஆளுங்களுக்குக் கனவே கெடையாதா லா?" என்றாள். ஷிப்ட் பார்க்கிற ஆண்கள் உடனே அவள் பக்கம் சாய்ந்துவிட்டார்கள். பண்டாரம் விரல்விட்டு ஜாமங்களை எண்ணினார். கடைசியில், "ஷிப்டுக்காரருக்குத் தலை சாய்க்கிறதுதான் மொத ஜாமம். எந்திரிக்கிறதுதான் விடியல். இவரு எந்திரிக்கிறதுக்குச் சித்த முன்னாடி கண்டிருக்காரு. அதனால இது விடியக்காலக் கனவு, சீக்கிரம் பலிக்கும்" என்று தீர்ப்புச் சொன்னார். நான் வாயை மூடிக்கொண்டிருந்தால் அது வெறும் பகல் கனவாகவே போயிருக்கும்.

அதற்கப்புறம் அவருக்குத்தான் முதல் சுண்டல். அம்மன் வருகிற வீடு என்று பெண்கள் எலுமிச்சம்பழமும் பூவும் கொண்டுவந்து கொடுத்தார்கள். முன்பெல்லாம் கண் விழித்ததும் காப்பி எங்கே என்று கேட்கிறவர், இப்போது விழித்த பிறகும் கண்ணை மூடிக்கொண்டு கிடந்தார். நான் வேண்டுமென்றே பாத்திரத்தை உருட்டுவேன். சில நாள் அவர் தூக்கத்தில் சிரிப்பார். சக்களத்தி என்று ஒருத்தி இருந்தால் குழாயடியில் முடியைப் பிடித்து இழுக்கலாம். தூங்குகிறவர் சிரிப்போடு யார் சண்டை போடுவது?

எனக்குச் சந்தேகம் இருந்தது. எனக்கு முன்னால் அவருக்கு ஒரு பெண்சாதி இருந்தாள். அவர் கிள்ளானில் வேலை பார்த்தபோது காய்ச்சலில் போய்விட்டாள். தெரிந்துதான் என்னை வடாற்காட்டிலிருந்து கட்டிக்கொடுத்து அனுப்பினார்கள். "செத்துப்போனவதானே, ஒனக்கு என்ன போட்டி?" என்றார் என் அப்பா. வந்த புதிதில் வீடு முழுக்கத் தேடிப் பார்த்தேன். அவளுடைய வளையல் ஒன்றுகூட இல்லை. சரி, மறந்துவிட்டார் என்று நிம்மதியாக இருந்தேன்.

அடுத்த வெள்ளிக்கிழமை, பண்டாரம் அம்மனுக்குக் கூழ் ஊற்றுவதா, பால்குடம் எடுப்பதா என்று கூட்டத்தைக் கேட்டுக்கொண்டிருந்தார். நான் பெண்கள் பக்கமிருந்து எழுந்தேன்.

"அவ இவர என்னன்னு கூப்பிட்டா? அதக் கேளுங்க."

அவர் தரையைப் பார்த்தார்.

"'ஏங்க'ன்னு" என்றார்.

எந்த அம்மனும் ஒரு ஆம்பிளையை 'ஏங்க' என்று கூப்பிடமாட்டாள். அது அங்கே இருந்த எல்லாப் பெண்களுக்கும் தெரியும். நான் ஜெயித்துவிட்ட மாதிரி நின்றேன். இனி இவர் கனவுக்குப் பூவும் கிடையாது, எலுமிச்சம்பழமும் கிடையாது என்று நினைத்தேன். பண்டாரத்தின் முகமோ மலர்ந்துவிட்டது.

"அப்ப மூத்தவதான்! மஞ்சக் குங்குமத்தோட போனவ. பூவாடைக்காரியா வந்து நிக்கிறா. சேலை கேக்கிறா, அதான் கொடியப் பாக்கிறா!"

எங்கள் பக்கத்தில் சுமங்கலியாகச் செத்தவளைப் பூவாடைக்காரி என்று வீட்டுத் தெய்வமாகக் கும்பிடுவோம். ஆற்றங்கரைக்குப் போய் அவளை அழைத்துவந்து, புதுச்சேலை வைத்துப் படைத்து, அந்தச் சேலையை வீட்டுச் சுமங்கலி உடுத்திக்கொள்ள வேண்டும். அந்த வீட்டுச் சுமங்கலி நான்தான். வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்டது என்பார்களே, அதுதான்.

சேலை எடுக்க மஸ்ஜித் இந்தியா ஜவுளிக்கடைத் தெருவுக்குப் போனோம். எனக்கென்று போகும்போதெல்லாம், "ஏதாவது எடுத்துக் குடுங்க பாய்" என்று சொல்லிவிட்டு வெளியே நின்று பீடி குடிப்பார். அன்றைக்கு உள்ளே வந்து விரிப்பில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். கடைக்காரர் எடுத்துப் போட்ட பச்சையெல்லாம் அவருக்குப் பச்சையாகவே தெரியவில்லை. "இது இல்ல பாய். இன்னும் வெளுப்பா, வாழைக்குருத்து மாதிரி. கரை சின்னதா இருக்கணும்" என்றார். இந்த மனுஷனுக்கு நிறம் தெரியும் என்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். நான் வெளியே வந்து, அவர் நிற்கிற இடத்தில் நின்றேன்.

அழைக்கிற நாளன்று சேலை, வளையல், பூ எல்லாம் கூடையில் வைத்து ஆற்றங்கரைக்கு எடுத்துப் போனோம். "இந்தத் தண்ணி நேரா கிள்ளானுக்குத்தான் போவுது. மெதுவாக் கூப்பிட்டாலே கேக்கும்" என்றார் பண்டாரம். என் வீட்டுக்காரர் தண்ணீரைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டு, "வீட்டுக்கு வா" என்றார். நான் அவ்வளவு தூரம் கடல் தாண்டி வந்தவள். துறைமுகத்தில் என்னைப் பார்த்ததும் அவர் கேட்டது, பெட்டி எத்தனை என்றுதான்.

படையல் போட்டோம், விழுந்து கும்பிட்டேன். சாகும்போது அவள் என்னைவிட இளையவளாகத்தான் இருந்திருப்பாள். சேலையை உடுத்திக்கொண்டு வந்து நின்றேன். அழகாக இருக்கிறது என்று எல்லோரும் சொன்னார்கள், பொய். கறுப்புத் தோலுக்கு அந்தப் பச்சை எடுக்கவே எடுக்காது. அவர் என்னைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தார். அப்படி ஒரு பார்வையை அதற்கு முன்னால் நான் வாங்கினதில்லை. அப்புறம் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு வெளியே போய்விட்டார். நான் போய் என் பழைய சேலைக்கு மாறினேன்.

அதோடு கனவு நின்றுவிட்டது. மூத்தவள் மனசு குளிர்ந்துவிட்டது என்று பண்டாரத்துக்குப் பெருமை. நானும் சும்மா இருந்திருக்கலாம். ஒருநாள் அவர் டூட்டிக்குக் கிளம்பும்போது கேட்டேன்.

"இப்பல்லாம் கனவுல யாரும் வரலியா?"

"இல்ல."

"நான் ஒரு தடவையாவது வந்திருக்கேனா?"

அவர் சிரித்தார். "நீதான் இங்கயே இருக்கியே. கனவுல வேற எதுக்கு வரணும்?" என்று சொல்லிவிட்டு சிக்னல் விளக்கை எடுத்துக்கொண்டு போனார்.

பக்கத்து வீட்டுக்காரியிடம் சொன்னேன். எவ்வளவு ஆசையாகச் சொல்லியிருக்கிறார், இதற்குமேல் ஒரு பெண்ணுக்கு என்ன வேண்டும் என்றாள். அவள் சொன்னது சரியாகவே இருக்கலாம். எனக்குத்தான் அது போதவில்லை.

அவரும் போய்ச் சேர்ந்துவிட்டார். இப்போது என் கனவில் வருகிறார். டூட்டி முடிந்து வருகிற மாதிரி பின்வாசலில் நின்று, "காப்பி இருக்கா?" என்று கேட்கிறார். நான் உடனே பதில் சொல்வதில்லை. அவருக்குப் பின்னால் யாராவது நிற்கிறார்களா என்றுதான் முதலில் பார்க்கிறேன்.