நேர்த்தி வைத்தது அம்மா, முழங்கால் என்னுடையது

போன வருடம் ஆனி மாதம், அக்கராயனில் எங்கள் வீட்டுக்குக் கிட்ட இருக்கிற அம்மன் கோயிலின் தேர்த் திருவிழாவில் நடந்தது இது. இப்போது நினைத்தாலும் எனக்குக் கோபமும் வெட்கமும் சேர்ந்துதான் வரும்.

நான் ஈட்டி எறிகிறவள். மாகாணத்தில் மூன்று தடவை முதலாமிடம். அந்தத் திருவிழாவுக்கு முந்தைய வருடம் ஒரு போட்டியில் ஈட்டியை விடுவதற்காக இடது காலை ஊன்றினேன். உடம்பு திரும்பியது, முழங்கால் திரும்பவில்லை. உள்ளே சவ்வு அறுந்துவிட்டது. சத்திரசிகிச்சை, ஊன்றுகோல், அதன் பிறகு இயன்மருத்துவர் சொல்லித்தந்த பயிற்சி. நீட்டு, மடக்கு, பத்து எண்ணு, திரும்பவும் நீட்டு. பதினொரு மாதம் இதுதான் என் வாழ்க்கை.

வலியைக் கூடத் தாங்கலாம், பார்க்க வருகிறவர்களைத் தாங்க முடியாது. ஒருவர் முழங்காலுக்கு மூலிகைப் புக்கை கட்டச் சொன்னார், இன்னொருவர் ஆட்டுக்கால் சூப்போடு வந்தார். ஒரு மாமி, "ஈட்டியை விட்டிட்டுக் கலியாணத்தைக் கட்டு பிள்ளை, கால் தானாச் சரிவரும்" என்றார். கலியாணத்துக்கும் சவ்வுக்கும் என்ன தொடர்பென்று நான் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அதற்கும் ஒரு விளக்கம் வைத்திருப்பார்.

எப்படியோ எறிதல் பழைய தூரத்துக்குக் கிட்ட வந்துவிட்டது. தேர் முடிந்து பத்தாம் நாள் கொழும்பில் தேசிய மட்டப் போட்டி. அதில் எறிந்து காட்டினால் திரும்பவும் தேசியக் குழுவில் இடம். இல்லையென்றால் என் இடம் வேறொருத்திக்கு. பயிற்றுநர் இதை எவ்வளவோ மெதுவாகத்தான் சொன்னார், ஆனால் எனக்கு அன்றிரவு நித்திரை வரவில்லை.

அந்த நேரம் பார்த்து, அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டே அம்மா சொன்னார்: "தேருக்கு நீ அடியழிக்கோணும் பிள்ளை. உன்ர கால் சரிவரோணுமெண்டு நேர்த்தி வைச்சனான்."

அடியழிப்பதென்றால், தேருக்குப் பின்னால் முழங்காலை ஊன்றி, நெற்றி மண்ணில் பட விழுந்து கும்பிட்டு, கை எட்டிய இடத்தில் எழும்பி நின்று, அங்கிருந்து மறுபடி விழ வேண்டும். அப்படியே கோயிலைச் சுற்றி நான்கு வீதியும். முழங்காலை நிலத்தில் ஊன்றவே கூடாதென்று மருத்துவர் சொன்ன பிள்ளைக்கு, முழங்காலாலேயே நேர்த்தி! ஒரு பொங்கல் வைத்திருக்கலாம், ஒரு சேலை சாத்தியிருக்கலாம். கேட்டால், "காலைத் தந்த அம்மாளாச்சிக்குக் காலாலதானே குடுக்கோணும்" என்றார்.

இயன்மருத்துவருக்கு ஃபோன் எடுத்து அம்மாவிடம் கொடுத்தேன். அவர் கால் மணித்தியாலம் விளங்கப்படுத்தினார். அம்மா மரியாதையாக "ஓம் தம்பி, ஓம் தம்பி" என்று கேட்டுவிட்டு ஃபோனை வைத்தார். "நல்ல பிள்ளை. ஆனா அவருக்கு நேர்த்தியைப் பற்றித் தெரியாது."

எனக்குத் தலைக்கேறிவிட்டது. "என்ர காலுக்கு நேர்த்தி வைக்க நீங்கள் ஆர்?" என்று கேட்டுவிட்டேன். அம்மா இரண்டு நாள் சோற்றை மட்டும் போட்டார், கதை பேச்சு இல்லை. சரி, விட்டுவிட்டார் என்றுதான் நினைத்தேன்.

தேரன்று நான் கோயிலுக்குப் போகும்போது தேர் மூன்றாம் வீதி தாண்டித் திரும்பிக்கொண்டிருந்தது. பின்னால் ஈரச் சேலையோடு அடியழிக்கிற பெண்களுக்குள் அம்மா. முழங்கால் வாதத்தால் ஐந்து வருடமாக நிலத்தில் இருந்து தேங்காய் துருவ முடியாத அம்மா. குசினியில் கதிரை போட்டுச் சமைக்கிற அம்மா. விழுந்து எழும்ப ஒவ்வொரு தடவையும் இரண்டு கையையும் ஊன்றித் தவித்தார். சேலையில் முழங்கால் பட்ட இடம் கிழிந்திருந்தது.

ஓடிப்போய்க் கக்கத்தில் கையைக் கொடுத்துத் தூக்கி நிறுத்தினேன். "உங்களுக்கென்ன விசரே? காணும், வாங்கோ வீட்ட!" சனமெல்லாம் பார்த்தது.

பக்கத்தில் நின்ற பெண் தலையில் கை வைத்தார். "ஐயோ, இடையில எழுப்பிப்போட்டியே பிள்ளை!"

அம்மா என்னை ஏசவில்லை. நெற்றி மண்ணைத் துடைத்தார். நொண்டி நொண்டி, வந்த வீதியாலேயே திரும்பி நடந்தார். எங்கே போகிறார் என்று எனக்கு முதலில் விளங்கவில்லை. கோயில் முன்வாசலுக்குப் போய், தொடங்கிய இடத்தில் மறுபடி முழங்காலை ஊன்றினார்.

கெஞ்சினேன். முக்கால்வாசி முடிந்துவிட்டதே, அம்மன் கணக்குப் பார்க்கவா போகிறா என்று கேட்டேன். "இடையில விட்டது குடுத்ததில்லைப் பிள்ளை. நீ தள்ளி நில்" என்றார். தேர் தன் இருப்பிடமான தேர்முட்டிக்கு வந்து, சனம் கலைந்து, வெயில் உச்சிக்கு ஏறிவிட்டது. நான் கிணற்றில் வாளி வாளியாக அள்ளி அவருக்கு முன்னால் மணலில் தண்ணீர் ஊற்றிக்கொண்டு போனேன். அழுதுகொண்டுதான் ஊற்றினேன். அம்மாவில் கோபமா, என்னிலேயே கோபமா, எனக்கே தெரியவில்லை.

கொழும்பில் முதல் இரண்டு எறிதலும் கோட்டுக்கு வெளியே போயின. கடைசியில் பழைய தூரத்தைத் தாண்டினேன். குழுவில் இடம் கிடைத்தது. ஃபோனில் சொன்னதும் அம்மா, "பாத்தியே, அம்மாளாச்சி!" என்றார். என் பதினொரு மாதப் பயிற்சிக்கு ஒரு சொல் இல்லை. வேறு நாளென்றால் சண்டைக்குப் போயிருப்பேன், அன்று, "உங்கட முழங்கால் எப்பிடி?" என்று மட்டும் கேட்டேன்.

அம்மாவின் முழங்கால் அதன் பிறகு மோசமாகிவிட்டது. அதே இயன்மருத்துவரின் அதே பயிற்சியை நான்தான் செய்விக்கிறேன். எட்டோடு நிறுத்திவிட்டுப் பத்து என்பார். அதற்கும் தினமும் சண்டைதான்.

நல்லதற்கென்று நான் தூக்கிய அந்த ஒரு நொடிக்காக அம்மா மூன்று வீதியைத் திரும்பவும் விழுந்து எழும்பினார். இன்றைக்கும் யாரையாவது அவர்களுடைய நன்மைக்கென்று தடுக்கக் கை நீட்டும்போது, மண் ஒட்டிய சேலையோடு நொண்டி நொண்டித் திரும்பி நடந்த அந்த முதுகு கண்ணுக்குள் வந்து, முதலில் அவர்களிடம் ஒரு சொல் கேட்கச் சொல்கிறது.