வேறு யாருக்கும் இல்லாத பெயர்

தடுப்பூசி அறை வாசலில் நின்று "கவின்" என்று ஒருமுறை கூப்பிட்டால் நான்கு தாய்மார்கள் எழுந்திருப்பார்கள். ஐந்தாவதாக ஒருத்தி, "எந்தக் கவின், சிஸ்டர்?" என்று கேட்பாள். பதினான்கு வருடமாக அங்கே ஊசி போட்டுவரும் நர்ஸுக்கு அந்தப் பெயரின் மேல் தீராத கடுப்பு. அக்கம்பக்கத்துப் பிள்ளைகளுக்கு அவள் ஊசியம்மா. தெருவில் அவள் தலையைக் கண்டாலே சிலதுகள் கையைப் பின்னால் மறைத்துக்கொள்ளும்.

பெயர் என்ன பாவம் செய்தது என்று கேட்டால் அவளிடம் பதில் உண்டு. கூட்டம் நெரிந்த ஒரு திங்கட்கிழமை, ஒரு கவினுக்குப் போட்ட ஊசியை இன்னொரு கவினின் அட்டையில் எழுதிவிட்டாள். இரண்டும் ஒரே வயது, ஒரே பச்சை அட்டை. ஊசி போடாத குழந்தை, போட்டதாக எழுதிய அட்டையோடு வீட்டுக்குப் போய்விட்டது. மூன்று வாரம் கழித்துப் பதிவேட்டைச் சரிபார்க்கும்போது கண்டுபிடித்து, அந்த வீட்டுக்கே ஓடிப்போய்ப் போட்டுவிட்டு வந்தாள். குழந்தைக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அன்றிலிருந்து அட்டையை இரண்டு முறை படித்துப் பார்க்காமல் அவள் ஊசியைத் தொடுவதில்லை.

தனக்கென்று ஒரு பிள்ளை பிறந்தால் வேறு யாருக்கும் இல்லாத பெயர்தான் என்று அன்றைக்கே முடிவு செய்தாள். பிள்ளை பிறக்க இன்னும் ஏழு வருடம் ஆனது என்பது வேறு விஷயம். முப்பத்தொன்பதாவது வயதில் வயிற்றில் இருக்கும்போதே பெயர் தயார். பழைய அகராதியில் தேடி எடுத்தது: குரிசில். தலைவன், பெருமையில் சிறந்தவன் என்று பொருள். அதோடு விட்டாளா? விடுப்பில் போவதற்கு முன், சாப்பாட்டு நேரத்தில் பதினான்கு வருடத்துப் பதிவேடுகளையும் புரட்டினாள். கவின் முந்நூற்றுப் பன்னிரண்டு பேர். குரிசில் ஒருவன்கூட இல்லை. அன்று சாப்பாடு அவளுக்குத் தனி ருசியாக இருந்தது.

ஆண் குழந்தை பிறந்து வீட்டுக்கு வந்ததும்தான் சிக்கல். நாத்தனார் வந்தாள். தாயில்லாத தம்பியை வளர்த்து ஆளாக்கியவள், தையல்கடைக்காரி, எதையும் அளந்துதான் பேசுவாள். தொட்டிலைக் குனிந்து பார்த்து, "கவின்னு வெச்சிருவோம்," என்றாள்.

"பேரு முடிவு பண்ணியாச்சு அண்ணி. குரிசில். தலைவன்னு அர்த்தம்."

"அர்த்தம் நல்லாத்தான் இருக்கு. வாயில நுழையணுமே."

"கூப்பிடக் கூப்பிட நுழைஞ்சிரும்."

கணவன் பஸ் பணிமனையில் எஞ்சினைக் கழற்றி மாட்டுகிறவன். எஞ்சினுக்கெல்லாம் பயப்படாத ஆள், அக்காவின் முகம் சுண்டினால் மட்டும் ஆடிப்போவான். "ரெண்டு பேரையும் சேத்து வெச்சா என்ன?" என்று கேட்டுப் பார்த்தான். இரண்டு பேரும் சேர்ந்து அவனை முறைத்தார்கள். அந்த மாதம் முழுக்க அவர்கள் ஒத்துப்போனது அந்த ஒரு விஷயத்தில்தான்.

பெயர் பதிய இன்னும் பத்து நாள்தான் இருந்தது. படிவத்தில் அப்பா அம்மா இருவரின் கையெழுத்தும் வேண்டும். அவளுடையது போட்டாயிற்று, அவனுடைய பேனா நகரவில்லை. "அக்காகிட்ட ஒரு வார்த்தை" என்று இழுத்தான். இவனை நம்பினால் வேலைக்கு ஆகாது என்று, குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு தையல்கடைக்கே போய்விட்டாள்.

"தெருவுக்கு நாலு கவின் இருக்கான். அந்தப் பேரையே ஏன் அண்ணி புடிச்சுத் தொங்குறீங்க?"

நாத்தனார் ஒரு சட்டைக் காலரைத் தைத்துக்கொண்டிருந்தாள். முழுவதும் தைத்து, நூலை வெட்டிய பிறகுதான் பேசினாள்.

"எனக்கு ஒரு பையன் பொறந்தான். இருபத்து நாலு வருஷம் ஆச்சு. ஒம்பது நாள் ஆஸ்பத்திரியில இருந்தான். கையில கட்டின பட்டையில ஆண் குழந்தைன்னுதான் எழுதியிருந்தாங்க. வீட்டுக்கு வந்ததும் கவின்னு கூப்பிடலாம்னு இருந்தேன். வரலை."

குழந்தை இறந்தது குடும்பத்துக்கே தெரியும். அதற்கு ஒரு பெயர் வைத்திருந்தாள் என்பது யாருக்கும் தெரியாது. நாமாக இருந்தால் அந்த இடத்திலேயே, சரி அண்ணி, உங்க இஷ்டம் என்று விட்டுக்கொடுத்திருப்போம். நர்ஸுக்கும் அது வாய்வரை வந்தது. ஆனால் விட்டுக்கொடுத்தால் அது சரியாகிவிடுமா என்று யோசித்தாள். இல்லை என்றுதான் பட்டது.

"அது அவன் பேரு அண்ணி. அதை எடுத்து இவனுக்கு வெச்சிட்டா, அவனுக்கு என்ன இருக்கும்?"

நாத்தனார் அடுத்த காலரை எடுத்து மிஷினில் வைத்தாள். அன்று சாயங்காலம் நர்ஸ் கணவனிடம் எல்லாவற்றையும் சொன்னாள். அவன் மூக்கைத் துடைத்துக்கொண்டு கையெழுத்துப் போட்டான்.

மறுநாள் பிறப்புப் பதிவு அலுவலகத்தில் குரிசிலின் படிவத்தைக் கொடுத்துவிட்டு, இன்னொரு படிவம் கேட்டாள். பழைய பதிவில் பெயர் சேர்க்க. விவரம் கேட்ட குமாஸ்தா கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார்.

"இல்லாத குழந்தைக்கு இப்ப எதுக்கும்மா பேரு?"

"கூடாதுன்னு விதி இருக்கா சார்?"

"அப்படி ஒன்னும் இல்ல. இதுவரைக்கும் யாரும் கேட்டதில்ல."

"இப்ப நான் கேக்குறேன்."

ஆஸ்பத்திரிச் சீட்டு வேண்டும் என்றார். கொண்டுவந்தாள். பெற்ற தாயின் உறுதிமொழி வேண்டும் என்றார். "இதெல்லாம் எதுக்கும்மா," என்ற நாத்தனாரிடம், "கையெழுத்து மட்டும் போடுங்க அண்ணி, மத்ததை நான் பாத்துக்கறேன்," என்றாள். அந்த வருடத்துப் பதிவேடு வேறு கட்டடத்தில் இருக்கிறது, அடுத்த வாரம் வாருங்கள் என்றார். அடுத்த வாரம் கதவு திறக்கும்போதே கைக்குழந்தையோடு நின்றாள். அவளைப் பார்த்ததும் அவரே வேறு வழியில்லாமல் போய்ப் பதிவேட்டைத் தூக்கிக்கொண்டு வந்தார்.

கடைசி நாள் நாத்தனாரையும் கையோடு கூட்டிப்போனாள். இருபத்து நாலு வருடமாக வெறுமையாகக் கிடந்த கட்டத்தில் குமாஸ்தா பெயரை எழுதி முத்திரை வைத்தார். பதிவேட்டின் பின்பக்கத்து அகரவரிசைப் பட்டியலிலும் அதை ஏற்ற வேண்டும். 'க' பக்கத்தை எடுத்து விரலால் மேலிருந்து கீழே ஓட்டினார். மறுபடியும் ஒருமுறை ஓட்டினார்.

"ஆச்சரியமா இருக்கும்மா. இப்ப தெனம் ரெண்டு கவின் பதியறேன். அந்த வருஷம் முழுக்க வேற ஒரு கவின்கூட இல்ல. இவன் ஒருத்தன்தான்."

நாத்தனார் சான்றிதழை வாங்கி, ஈரம் காயாத முத்திரையில் விரல் படாமல் பிடித்துக்கொண்டாள்.

"தேடித்தான் வெச்சேன்," என்றாள். "வயித்துல இருக்கும்போதே தேட ஆரம்பிச்சேன்."