சொந்த வீட்டுக்கு மார்க் கிடையாது

ஏணியின் மேல்படியில் நின்றுகொண்டு, வாய் நிறையக் கொக்கிகளைக் கவ்வியபடி, கர்ட்டன் அக்கா எட்டு விரல்களை விரித்துக் காட்டினார். கீழே காலி டீ டம்ளரைக் கையில் வாங்கிய வீட்டுக்கார அம்மாள் ஒன்றும் புரியாமல் என்னைப் பார்த்தார். டீக்கு மதிப்பெண் எட்டு என்று நான் விளக்கினேன். பத்துக்கு எட்டா என்று அவருக்கு ஒரே பூரிப்பு. அக்கா கொக்கிகளை உள்ளங்கையில் துப்பிவிட்டு, "பன்னெண்டுக்கு" என்றார்.

அன்று ஏணியைப் பிடிக்கும் ஆள் வரவில்லை. "எழுதற ஆளு, வீட்ல சும்மாதானே இருக்கீங்க தம்பி" என்று என்னை இழுத்துப் போயிருந்தார். என் எதிர் வீட்டுக்காரர் அவர். மாடியில் எங்கள் இரண்டு வாசலுக்கும் நடுவே ஒரு நடைபாதை. இரண்டு கதவையும் திறந்து வைத்தால் அங்கே பாத்திரம் விழுவது இங்கே கேட்கும். முனைக் கடையில் தையல் மெஷின் போட்டு, ஜன்னலுக்கும் கதவுக்கும் திரை தைப்பது தொழில். அளவெடுக்கப் போகிற வீட்டில் ஜன்னலை மட்டும் பார்த்துவிட்டு வருவதில்லை. சோபாவுக்கு நாலு, காலிங் பெல் ஓசைக்கு ஒன்று, அந்த வீட்டு நாய்க்குப் பத்து என்று போட்டுக்கொண்டே வருவார். ஒன்பதும் பதினொன்றும் அவரிடம் கிடையாது. ஏன் என்று கேட்டால், "அங்க கிடையாதுல்ல" என்பார், ஏதோ பக்கத்துத் தெருவைச் சொல்வதுபோல.

அந்த 'அங்க' என்பது, வருடத்துக்கு ஒரு முறை பல நாடுகள் கூடி நடத்தும் பாட்டுப் போட்டி. நாட்டுக்கு ஒரு பாட்டு. பாடி முடித்ததும் ஒவ்வொரு நாடும், அங்கே பார்க்கிறவர்கள் போடும் ஓட்டை எண்ணி, மற்ற நாடுகளுக்கு மதிப்பெண் தரும்: எட்டு வரை வரிசையாக, பிறகு பத்து, பிறகு பன்னிரண்டு, அதுதான் உச்சம். இவருக்கு அந்தப் பைத்தியம் பிடித்தது கல்யாணத்துக்கு முன்பு. ஒரு விடுதியின் முன்கூடத்தில் திரை மாட்டிக்கொண்டிருந்தாராம். மூலையில் இருந்த டிவியில் யாரோ ஒரு பெண் பாட ஆரம்பித்தாள். என்ன மொழி என்று தெரியாது, எந்த நாடு என்று தெரியாது. இவருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. பாதித் திரை கம்பியில், பாதி தோளில். கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டுகிறது, வாயில் கொக்கி இருப்பதால் மூக்கை உறிஞ்சக்கூட முடியவில்லை. விடுதி மேலாளர் வந்து சத்தம் போட்டபோது, பதில் சொல்ல வழியில்லாமல் கையால் ஏதோ காட்டினாராம். கையால் பேசும் பழக்கம் அங்கே தொடங்கியதுதான்.

பிறகு டிவியில் அந்தப் போட்டியைக் காட்டாத வருடங்கள் வந்தன. கப்பலில் வேலை பார்த்த வாடிக்கையாளர் ஒருவரை நச்சரித்து கேசட் வரவழைத்தார். இப்போது போனிலேயே வந்துவிடுகிறது. "நம்ம நாடே கலந்துக்காத போட்டியில உங்களுக்கு என்னக்கா அப்படி ஒரு ஈடுபாடு?" என்று ஒரு நாள் கேட்டேன். "அதனாலதான் தம்பி நிம்மதியா பாட்ட மட்டும் கேக்க முடியுது" என்றார். இந்தப் பதிலை நான் எதிர்பார்க்கவில்லை. அன்றிலிருந்துதான் அவரைக் கவனித்துப் பார்க்க ஆரம்பித்தேன்.

தையல் மெஷினை மிதித்துக்கொண்டு ஏழெட்டு மொழிகளில் பாடுவார். ஒரு மொழியிலும் ஒரு வார்த்தைக்கும் அர்த்தம் தெரியாது. காதில் விழுந்ததை அப்படியே உருட்டி உருட்டிப் பாடுவதுதான். ஏணியில் அழவைத்த அந்த முதல் பாட்டின் அர்த்தத்தை மகள் ஒருமுறை தேடிக் கண்டுபிடித்துச் சொன்னார். காணாமல் போன சைக்கிளைப் பற்றிய பாட்டாம். நாங்கள் விழுந்து விழுந்து சிரித்தோம். அக்கா அசரவில்லை. "சைக்கிள் அவங்களோடது. அழுகை என்னோடதுடி" என்று சொல்லிவிட்டு மெஷினை மிதித்தார்.

பாட்டைவிட அவர் கண்கொட்டாமல் பார்ப்பது மதிப்பெண் சொல்லும் நேரத்தைத்தான். பூஜ்யம் வாங்கிய பாடகர்கள்மேல் அவருக்குத் தனிப் பாசம். "ஊரே பாக்குது, ஒருத்தனும் ஒண்ணும் போடல, ஆனாலும் கை தட்டிட்டு சிரிச்சுட்டு உக்காந்திருக்கா பாருங்க. மகராசி!" என்று உருகுவார். எல்லாவற்றுக்கும் மேலாக அவரைக் கட்டிப் போட்டது ஒரு விதி: எந்த நாடும் தனக்குத் தானே மதிப்பெண் போட்டுக்கொள்ளக் கூடாது. இது ஏன் அவ்வளவு பிடித்தது என்பதற்குக் காரணம் உண்டு. "எங்கப்பா, எங்கண்ணன் தும்மினாக்கூட ஊரைக் கூட்டிப் புகழ்வாரு. புகழ்ந்து புகழ்ந்தே அவன் குட்டிச்சுவரா போனான். உலகத்துல இப்படி ஒரு நியாயமும் இருக்கான்னு அன்னிக்குத்தான் தெரிஞ்சுது" என்றார்.

அந்த நியாயத்தை வீட்டுக்குள்ளும் கொண்டுவந்துவிட்டார். சொந்த வீட்டுக்கு மார்க் கிடையாது. அவர் சமையலை வீட்டில் யாரும் நன்று என்றோ மோசம் என்றோ சொல்லக் கூடாது. கணவர் பஸ் டிப்போவில் நேரக் கண்காணிப்பாளர். வாய் ஓயாத மனிதர். "சாப்பிட மட்டும்தான் வாயத் தொறக்கலாம்னு உத்தரவு தம்பி" என்பார். மதிப்பெண் போடும் பொறுப்பு என்னுடையது. நடைபாதையைத் தாண்டி மூடிய கிண்ணம் ஒன்று வரும், சிறிது நேரத்தில் "வெளிநாட்டுல என்ன சொல்றாங்க?" என்று குரல் வரும். வெளிநாடு என்றால் என் வீடு. ஏழு என்று நான் சொன்ன அன்று இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை.

ஒரே ஒரு விஷயத்தில் அவருக்கு அந்தப் போட்டிமேல் கோபம். வேறு நாட்டில் பிழைக்கப் போனவர்கள், அங்கே இருந்துகொண்டு தங்கள் சொந்த நாட்டுப் பாட்டுக்கு ஓட்டுப் போடுகிறார்கள். விதிப்படி தவறில்லை. அக்காவுக்கு அது பொறுக்காது. "அடுத்த வீட்ல போய் உக்காந்துட்டு சொந்த வீட்டுக்குக் குத்தறது! கள்ள ஓட்டு!" என்று போனைப் பார்த்துக் கத்துவார்.

அந்த வீட்டு விதியால் அதிகம் அடிபட்டவர் மகள். ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை. வீட்டில் செல்லப் பெயர் பாப்பா. நன்றாகப் பாடுவார். சிறுமியாக இருந்தபோது குடியிருப்பு ஆண்டு விழாவில் பாட்டுப் போட்டி. மூன்று நடுவர்களில் அம்மாவும் ஒருவர். மற்ற இருவரும் அள்ளிக் கொடுத்தார்கள். அம்மா மகளின் பெயருக்கு நேரே ஒரு கோடு போட்டு வைத்தார். பாப்பா இரண்டாமிடம். இதை என்னிடம் சிரித்துக்கொண்டேதான் சொன்னார். ஆனால் சொல்லி முடித்ததும் துப்பட்டா நுனியை வெகுநேரம் முறுக்கிக்கொண்டிருந்தார். எனக்குச் சங்கடமாக இருந்தது.

போன சனிக்கிழமை மாலை எதிர் வீட்டில் பேச்சு தடித்தது. வானொலி நிலையத்தில் திங்கட்கிழமை காலை குரல் தேர்வு. பாப்பாவுக்கு அழைப்பு வந்திருந்தது. தேர்வானால் நிலையத்துப் பாடகர் குழுவில் இடம். ஒரு பாட்டை முழுவதும் பாடிக் காட்டிவிட்டு அம்மாவைக் கேட்டார். நானும் படிப்பதை நிறுத்திவிட்டுக் காது கொடுத்தேன். அப்படி ஒரு பாட்டு.

"எப்படிம்மா இருந்துச்சு?"

"கேக்க வேண்டியவங்க திங்கக்கெழமை கேப்பாங்க. அவங்க சொல்லட்டும்."

"உன்னத்தானே கேக்கறேன். நல்லாருக்கா, இல்லையா? ஒரு வார்த்தை."

"சொந்த வீட்டுக்கு மார்க் கிடையாது. உனக்குத் தெரியாததா?"

"எனக்கு உன்கிட்ட எப்பவுமே பூஜ்யம்தான்."

"பூஜ்யம் இல்லடி. மார்க்கே கிடையாது. அது வேற, இது வேற."

"வாங்கறவளுக்கு ரெண்டும் ஒண்ணுதாம்மா. பெத்தவளுக்கே சொல்லத் தோணலன்னா அந்த மைக் முன்னாடி போய் எந்தத் தைரியத்துல நிப்பேன்? நான் போகல. லேபுக்கே போறேன்."

கதவு சாத்தப்பட்டது. இவ்வளவு நாளில் அந்தக் கதவு அப்படிச் சாத்தப்பட்டு நான் கேட்டதில்லை.

மறுநாள் விடியற்காலை போட்டி. வேறு கண்டத்தில் நடப்பதால் நமக்கு ஞாயிறு விடியற்காலையில் வருகிறது. ஒவ்வொரு வருடமும்போல நானும் போய் உட்கார்ந்தேன். கணவர் வழக்கப்படி நாற்காலியிலேயே உறங்கினார். பாப்பா அறையை விட்டு வெளியே வரவில்லை. பாட்டுக்குப் பின் பாட்டாகப் போயிற்று. அக்காவின் கைகள் மடியிலேயே கிடந்தன. ஒரு விரல்கூட எழவில்லை. கடைசியில் அந்த 'கள்ள ஓட்டு' கட்டமும் வந்தது. பக்கத்து நாட்டுக்காரர்கள் நிறையப் பேர் பிழைக்க வந்திருக்கும் ஒரு நாடு, அந்தப் பக்கத்து நாட்டுக்கே பன்னிரண்டை அப்படியே தூக்கிக் கொடுத்தது, அரங்கமே சிரித்தது. அக்கா கத்துவார் என்று காத்திருந்தேன். அவர் சத்தம் போடாமல் கேட்டார்: "அங்க இருக்கறவங்க எத்தனை பேர் வீட்ட நெனச்சுட்டு இதப் போட்டிருப்பாங்க, தம்பி?"  கேட்டுவிட்டு, சாத்தியிருந்த அறைக் கதவைத் திரும்பிப் பார்த்தார்.

திங்கட்கிழமை காலை என் கதவு தட்டப்பட்டது. திறந்தால் அக்கா. கடைக்குக் கிளம்பிய கோலம், தோளில் அளவு நாடா.

"உள்ள வரலாமா தம்பி?"

என் வீட்டு ஜன்னலுக்கெல்லாம் திரை தைத்தவர், நினைத்தபோது வந்து சர்க்கரை டப்பாவைத் திறக்கிறவர், அனுமதி கேட்டு நான் பார்ப்பது அதுதான் முதல் தடவை. செருப்பைக் கழற்றிவிட்டு என் வாசற்படியைத் தாண்டி உள்ளே வந்தார். குனிந்து பார்த்தார். ஒரு குதிகால் படியில் பட்டிருந்தது. அதையும் உள்ளே இழுத்துக்கொண்டார். பிறகு எதிர் வீட்டைப் பார்த்துத் திரும்பி நின்று குரல் கொடுத்தார்.

"ஏய் பாப்பா! இங்க வா!"

ஆய்வகத்து வெள்ளைக் கோட்டும், கழுத்தில் அடையாள அட்டையும், கையில் சாப்பாட்டுப் பையுமாக மகள் எதிர் வாசலில் வந்து நின்றார். முகம் உம்மென்று இருந்தது.

"அங்க போய் என்னம்மா பண்ற?"

"நான் இப்ப வெளிநாட்டுல இருக்கேன்."

மகளுக்கு ஒரு கணம் விளங்கவில்லை. பிறகு விளங்கியது, பை மெல்லத் தரையில் இறங்கியது.

"சனிக்கெழம பாடினியே, அந்தப் பாட்டுக்கு" என்றார் அக்கா.  அன்று வாயில் கொக்கி எதுவும் இல்லை. ஆனாலும் பேச்சு வரவில்லை. இரண்டு கைகளையும் உயர்த்திப் பத்து விரல்களையும் விரித்துக் காட்டினார். மடக்கினார். பிறகு இரண்டு விரல்களை மட்டும் நீட்டினார். எதிர் வாசலில் மகள் கழுத்திலிருந்த அந்த அட்டையைக் கழற்றும்வரை அவர் அந்த இரண்டு விரல்களை இறக்கவில்லை.