பஸ்ஸில் அம்மா பிடித்த துருக்கி நடிகர்

நான் வழக்கமாக நம் பலெர்மோத் தமிழர் குழுவில் எதுவும் எழுதுவதில்லை. இன்று மட்டும் பொறுத்துக்கொள்ளுங்கள்.

மொண்டெல்லோ கடற்கரையிலிருந்து வரும் பஸ்ஸில் எதிரே இருந்தவரைப் பார்த்து அம்மா என் கையைக் கிள்ளினார்.

"இவன்தானடி அந்தத் துருக்கி நாடகத்திலை பெண்சாதியை விட்டிட்டு ஓடினவன்!"

இத்தாலியனில் கேட்டுப் பார்த்தேன். அவரேதான். நடிப்பை விட்டுவிட்டு, இங்கே வந்து சிறிய படங்கள் இயக்குகிறாராம். பலெர்மோவில் அவரை அடையாளம் கண்ட முதல் ஆள் அம்மாதானாம்.

"தமிழ் டப்பிங்கில் என் குரல் எப்படி?" என்று ஆர்வமாகக் கேட்டார்.

"இதைவிட அது நல்லம் எண்டு சொல்லு. ஏன் அந்தப் பிள்ளையை விட்டிட்டுப் போனவர் எண்டும் கேள்."

தயங்கித் தயங்கிச் சொன்னேன். விழுந்து விழுந்து சிரித்தார். இறங்குமுன், "சனிக்கிழமை படப்பிடிப்பு. ஒரு காட்சியில் அம்மா இப்படியே ஒருவரைத் திட்டுவாரா?" என்றார்.

அம்மா ஜன்னலைப் பார்த்தபடி, "ஓம் எண்டு சொல்லு" என்றார். தனக்கென்று அவர் எதற்கும் ஓம் சொல்லி நான் பார்த்ததில்லை.

ஆனால் சனிக்கிழமை அம்மாவுக்குப் பொலிதேயாமா பகுதியில் சிஞ்ஞோரா, அதாவது முதலாளியம்மா, வீட்டில் வேலை. ஆள் போகாவிட்டால் வேலை போய்விடும். நான் போகலாம்தான், ஆனால் படப்பிடிப்பில் மொழிபெயர்க்க நான் வேண்டும்.

கேட்கக் கூச்சமாக இருக்கிறது. அந்த வீட்டுப் பூனைக்குத் தமிழ் நன்றாக விளங்கும், பயமில்லை. அன்று ஒருநாள் அம்மாவுக்குப் பதிலாக யாராவது போவீர்களா?